நீரில் நில்லாத கிரியேட்டின்: திரவத் துணையுணவுகளின் நிலைப்பும் தரமும்

விளையாட்டு வீரர்களும் உடற்பயிற்சிக் கூடங்களில் பயிலும் இளைஞர்களும் உட்கொள்ளும் துணையுணவுகளுள் விரிவாக ஆராயப்பட்டு, பயன் உண்டு என்று நிறுவப்பட்டவை ஒரு சிலவே. அவற்றுள் முன்னிற்பது கிரியேட்டின். வெண்ணிறத் தூளாக டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் இப்பொருள், குடிப்பதற்கு ஆயத்தமான பானமாகவும், சில மில்லிலிட்டர் மட்டும் பருகினால் போதும் எனப்படும் 'சீரம்' ஆகவும், பழச்சுவை ஏற்றிய சிறு குப்பிகளாகவும் விற்கப்படுகிறது. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலையில் ஓடுபவரும், சிதம்பரத்தில் மாலை வேளைகளில் எடை தூக்கிப் பழகுபவரும் கைப்பேசியிலேயே பதிந்து இவற்றை வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம். தூளை அளந்து, நீரூற்றி, கலக்கிக் குடிக்கும் சிரமம் இல்லை என்பதே இப்பானங்களுக்குச் சொல்லப்படும் முதன்மையான சிறப்பு. ஆனால் அந்தச் சிறு சிரமத்தை ஆலையே ஏற்றுக்கொண்டு பல வாரங்களுக்கு முன்பே நீரைச் சேர்த்துவிடுவதால் நேரும் இழப்பு எவ்வளவு என்பது புட்டியின் மேலொட்டில் இருப்பதில்லை.

இச்சொற்பொழிவு அந்த இழப்பைப் பற்றியது. கிரியேட்டின் தூளாக இருக்கையில் ஆண்டுக்கணக்கில் கெடாதது. நீரில் கரைந்ததும் நாள்கணக்கில் வேறொன்றாக மாறத் தொடங்குவது. ஆகவே திரவக் கிரியேட்டினுக்குத் தரம் என்பது ஆலையில் எத்தனை கிராம் கொட்டப்பட்டது என்பதைப் பொறுத்ததன்று. புட்டியைத் திறந்து குடிக்கும் நாளில் அதில் எத்தனை கிராம் எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேதியியலும், வெப்பமான கடலோர மாவட்டம் ஒன்றின் நடைமுறையும், சட்டமும் இந்த ஒரே கேள்வியில் வந்து கூடுகின்றன.

தசைக்குள் கிரியேட்டினுடைய பணி

கிரியேட்டினை இறைச்சிச் சாற்றிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல், ஆண்டு 1832. அர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்னும் மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு, பெரும்பாலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் உடலே இதை உருவாக்கிக்கொள்கிறது. மீதம் இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எலும்புத் தசைகளிலேயே தங்கியிருக்கும். மரக்கறி மட்டும் உண்பவர்களின் தசையில் இந்த இருப்பு சற்றுக் குறைவாகவே காணப்படுவதால், துணையுணவாக எடுத்துக்கொள்ளும்போது அவர்களிடத்தில் உயர்வு கூடுதலாகத் தெரிகிறது.

தசைக்குள் நுழைந்த கிரியேட்டினுடன் பாஸ்பேட் சேர்ந்து பாஸ்போகிரியேட்டின் உண்டாகிறது. தசை சுருங்குவதற்கு உடனடி ஆற்றலைத் தருவது ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு, கடும் முயற்சியின்போது அது சில வினாடிகளிலேயே தீர்ந்துவிடக் கூடியது என்பதால், பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. கடலூர் மாவட்டத்து ஊர்களில் பரவலாக ஆடப்படும் கபடியில், பாடிச் செல்லும் ஆட்டக்காரருக்கு இன்றைய விதிப்படி 30 வினாடிகளே உண்டு. எதிரணியினர் கணுக்காலைப் பற்றிய பின் நடுக்கோட்டை நோக்கி அவர் உந்திப் பாயும் இரண்டு மூன்று வினாடிகளில் செலவாவது பெரும்பாலும் இந்தச் சேமிப்பே. விரைவோட்டமும் எடை தூக்குதலும் போன்று குறுகிய நேரத்தில், திரும்பத் திரும்ப, முழு வலுவோடு செய்யும் முயற்சிகளுக்கே கிரியேட்டின் துணை செய்கிறது என்பதும், நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு அந்த அளவில் உதவுவதில்லை என்பதும் இதனால் விளங்கும்.

வாய்வழி உட்கொண்ட கிரியேட்டின் தசையிலுள்ள இருப்பை உயர்த்தும் என்பதை ரோஜர் ஹாரிஸ், எரிக் ஹல்ட்மன் ஆகியோர் அடங்கிய குழு 1992ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லை என்பதால், போட்டிகளில் கலந்துகொள்பவர்களும் இதைப் பயன்படுத்தத் தடையில்லை. மேற்சொன்ன அளவும் பயனும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்னும் தூளைக் கொண்டு நிறுவப்பட்டவை என்பதையும், வேறு வடிவத்தில் வரும் எதுவும் அந்தப் பெருமையைத் தானாகவே உரிமை கொண்டாட முடியாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

சென்னையில் பயின்ற ஒருவரின் கண்டுபிடிப்பு

பாஸ்போகிரியேட்டின் கண்டறியப்பட்ட வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1895ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறை ஒன்றை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்னும் பெயரால் அது உயிர்வேதியியல் மாணவர்களுக்கு இன்றும் அறிமுகமானது. அம்முறையைத் தசைச் சாற்றுக்குப் பயன்படுத்தியபோது, நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றாமல் தாமதித்து, மெல்ல மெல்ல ஏறியது.

அதற்கு முந்தைய ஆய்வாளர்கள் தசையிலுள்ள பாஸ்பேட்டில் பெரும்பகுதியைத் தனித்த கனிமப் பாஸ்பேட் என்றே கணக்கிட்டிருந்தனர். நிறம் தாமதிப்பதன் காரணத்தைத் தேடிய இருவரும், தசையில் கிரியேட்டினோடு பிணைந்த பாஸ்பேட் ஒன்று இருக்கிறது என்றும், சோதனைக்காகச் சேர்க்கும் அமிலத்திலேயே அப்பிணைப்பு உடைந்துவிடுவதால்தான் அது அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றும் 1927இல் அறிவித்தனர். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஃபிலிப் எக்கிள்டன், கிரேஸ் எக்கிள்டன் ஆகியோரும் இப்பொருளைத் தனியே கண்டறிந்தனர். சுப்பாராவ் பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய பணிகளில் ஒன்று, கடலோர மாவட்டங்களில் யானைக்கால் நோய்த் தடுப்புக்காக வீடு வீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையின் மருந்து. அளக்கப் புகும் முறையே அளக்கப்படும் பொருளைச் சிதைக்கக் கூடும் என்று அவரது கண்டுபிடிப்பு புலப்படுத்திய உண்மை, கிரியேட்டின் பானங்களைச் சோதிப்பவர் எவரும் மறக்கக் கூடாதது.

நீரில் நிகழும் மாற்றம்

கிரியேட்டின் மூலக்கூறு சங்கிலி போன்ற அமைப்பு உடையது. அதன் ஒரு முனையில் அமிலத் தொகுதியும் மறுமுனையில் நைட்ரஜன் மிகுந்த குவானிடின் தொகுதியும் உள்ளன. நீரில் கரைந்து மூலக்கூறு தடையின்றி அசையத் தொடங்கும்போது, இவ்விரு முனைகளும் ஒன்றையொன்று அணுகிச் சேர்ந்து, ஒரு நீர் மூலக்கூற்றை வெளியேற்றிவிட்டு, வளைய வடிவம் கொள்கின்றன. அந்த வளையமே கிரியேட்டினின். சிறுநீரகம் செம்மையாக வேலை செய்கிறதா என்று அறிய இரத்தத்தில் அளக்கப்படுவதும் இதுவே. ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபொன் லீபிக், கிரியேட்டினை அமிலத்துடன் சூடாக்கி இப்பொருளைப் பெற்று 1847இல் பெயரிட்டார். உடலிலும் இதே மாற்றம் இயல்பாக நிகழ்கிறது. நாள்தோறும் ஏறத்தாழ 2 கிராம் கிரியேட்டின் இவ்வாறு மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. கிரியேட்டினின் தசைக்கு எவ்வகையிலும் பயன்படாத கழிவு; பானத்தில் உண்டாகும் அளவில் நஞ்சன்று என்றாலும், வாங்கிய பொருள் அதுவன்று.

தூள் நிலையில் இம்மாற்றம் ஏன் நிகழ்வதில்லை என்பதும் எளிதில் விளங்கக் கூடியதே. படிகத்துக்குள் மூலக்கூறுகள் அடுக்கி இறுக்கப்பட்டிருப்பதால் அவற்றின் முனைகள் வளைந்து சேர வழியில்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தூளை 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தும் சிதைவு காணப்படவில்லை என்றும், 60 டிகிரியில் வைக்கப்பட்ட தூளிலும் 44 மாதங்களுக்குப் பிறகே கிலோவுக்குச் சுமார் 106 மில்லிகிராம் என்னும் மிகச் சிறிய அளவில் கிரியேட்டினின் தென்பட்டது என்றும் வெளியான தரவுகள் கூறுகின்றன.

கரைசலின் நிலை இதற்கு நேர்மாறானது. அதிலும் வேகத்தைத் தீர்மானிப்பது கரைசலின் புளிப்பு. பி.எச். எனப்படும் அமில-கார அளவில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் மிகும். 25 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்த கிரியேட்டின் கரைசல்களில், பி.எச். 6.5க்கும் 7.5க்கும் இடைப்பட்டவற்றில் குறிப்பிடத்தக்க சிதைவு இல்லை, பி.எச். 5.5இல் 4 சதவீதமும், 4.5இல் 12 சதவீதமும், 3.5இல் 21 சதவீதமும் கிரியேட்டினினாக மாறிவிட்டன. எஞ்சியிருக்கும் அளவுக்கு ஏற்ப ஒரே வீதத்தில் குறைந்துகொண்டே போகும் வினை இது என்பதால், மேற்கண்ட எண்களிலிருந்தே மேலும் கணக்கிடலாம். பி.எச். 3.5 உள்ள பானத்தில் கிரியேட்டின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 9 நாள் போதும், 4.5இல் 16 நாள், 5.5இல் 50 நாள். ஒரு மாதம் கழிந்தால், முதலாவதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டாவதில் கால் பங்குக்குச் சற்று மேல் இருக்கும். மூன்றாவதிலும் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்காவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலேக் தாஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் கிரியேட்டின் சிட்ரேட் கலவையைக் கரைத்து வைத்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, அறை வெப்பத்தில் 45 நாளில் ஏறத்தாழ 90 சதவீதம் கிரியேட்டினினாக மாறியது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தும் 80 சதவீதம் மாறியது. குளிரில் வைத்துவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு இந்த இரண்டாவது எண்ணே போதிய மறுமொழி.

புளிப்பு மிகுந்தால் சிதைவு விரையும் என்றால் இரைப்பையில் என்ன ஆகும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. வினையின் வேகம் பி.எச். 3.7 அளவில் உச்சத்தை அடைந்து, அதற்குக் கீழே மீண்டும் குறைகிறது. இரைப்பை அமிலம் அதைவிடக் கடுமையானது என்பதாலும், உணவு அங்கே தங்குவது சில மணி நேரமே என்பதாலும், செரிமானத்தின்போது இழக்கப்படும் கிரியேட்டின் ஒரு சதவீதத்தையும் எட்டுவதில்லை. ஆகவே எலுமிச்சைச் சாற்றில் தூளைக் கலக்கி அப்போதே குடிப்பதில் தவறில்லை. கலக்கிய சாற்றைப் புட்டியில் ஊற்றி வாரக்கணக்கில் வைப்பதே கேடு.

கடலூர்த் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இறங்கும் மீன்களில் இயற்கையாகவே கிரியேட்டின் உண்டு. பொதுவாகப் பச்சை மீன் ஒரு கிலோவில் 3 முதல் 5 கிராம் வரையிலும், சில இனங்களில் அதற்கு மேலும் அது இருக்கும். புளி கரைத்த குழம்பில் மத்தியோ சூரையோ கொதிக்கும்போது அமிலமும் வெப்பமும் ஒருங்கே சேர்வதால், அந்தக் கிரியேட்டினில் ஒரு பங்கு கிரியேட்டினினாக மாறிவிடுகிறது. அடுப்பில் சில நிமிடங்களில் சிறு பங்காக நேரும் அதே மாற்றம், பழச்சுவைப் பானத்தில் கொதிக்காமலேயே, வாரங்களில், பெரும் பங்காக நேர்கிறது.

தயாரிப்பாளரின் இக்கட்டு

இவ்வளவும் தெரிந்த பிறகு, பானத்தைப் புளிப்பில்லாமல் நடுநிலையில் தயாரித்தால் என்ன என்று கேட்கலாம். புட்டியில் அடைத்த பானத்தைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுள் கொடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி, பி.எச். 4.6க்குக் கீழே வளர முடியாது என்பதால், அறை வெப்பத்தில் விற்கப்படும் பானங்களை அந்த எல்லைக்குக் கீழே புளிப்பாக்குவது உணவுத் தொழிலின் அடிப்படைப் பாதுகாப்பு முறைகளுள் ஒன்று. பரவலாகச் சேர்க்கப்படும் சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்திகளும் அமிலச் சூழலில்தான் திறம்பட வேலை செய்யும். நடுநிலைப் பானமாக இருந்தால் அதை மிகு வெப்பத்தில் கிருமிநீக்க வேண்டும். அப்போது வெப்பமே கிரியேட்டினைச் சிதைக்கும். பானத்தைக் காக்கும் புளிப்பு கிரியேட்டினுக்கு ஆகாது. கிரியேட்டினுக்கு ஏற்ற நடுநிலை பானத்துக்கு ஆகாது.

இரண்டாவது தடை கரைதிறன். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒரு லிட்டர் நீரில் 4 டிகிரி வெப்பத்தில் 6 கிராமும், 20 டிகிரியில் 14 கிராமும், 50 டிகிரியில் 34 கிராமும்தான் கரையும். ஆகவே 5 கிராம் தூள் முழுவதும் கரைய 20 டிகிரியில் ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் நீர் வேண்டும்; 200 மில்லிலிட்டர் டம்ளரில் எவ்வளவுதான் கலக்கினாலும் மிச்சம் அடியில் மணல்போல் படிவது இதனால்தான். அப்படிப் படிந்ததைச் சுழற்றிவிட்டுக் குடித்துவிடலாம். கரையாத துகளும் உடலுக்குள் சென்று பயன்படும். குப்பியில் தெளிந்த திரவமாக வருவதற்கோ இந்த எல்லையைத் தாண்ட வழியில்லை. 60 மில்லிலிட்டர் சிறு குப்பியில் தெளிந்த நிலையில் இருக்கக் கூடியது ஒரு கிராமுக்கும் குறைவு. சிட்ரேட், பைருவேட் ஆகிய உப்புகளாக மாற்றினால் கரைதிறன் சற்று உயரும். ஆனால் அவை நீரைப் புளிப்பாக்கும் தன்மையுடையவை என்பதால், கரைதிறனில் கிடைத்த ஆதாயம் நிலைப்பில் இழப்பாகிவிடுகிறது.

5 மில்லிலிட்டரில் 2.5 கிராம் மோனோஹைட்ரேட்டுக்கு நிகரான கிரியேட்டின் உண்டு என்று அமெரிக்காவில் விளம்பரப்படுத்தப்பட்ட 'கிரியேட்டின் சீரம்' ஒன்றை ஹாரிஸ் குழுவினர் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டனர். மேற்சொன்ன கரைதிறனை அறிந்தவர் எவரும், லிட்டருக்கு 500 கிராம் கரைந்தாலன்றி அந்த உரிமைகோரல் நடக்காது என்பதைச் சோதனைச் சாலைக்குப் போகாமலேயே சொல்லிவிடலாம். சோதனையிலும் அதில் கிரியேட்டின் மிகச் சிறு அளவிலேயே இருந்தது. அதைக் குடித்தவர்களின் இரத்தத்தில் கிரியேட்டின் அளவு உயரவும் இல்லை. அணி விளையாட்டு வீரர்களின் மிதிவண்டி விரைவோட்டத்தில் சீரத்தையும் தூளையும் ஒப்பிட்டு அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வும், தூள் தந்த பயனைச் சீரம் தரவில்லை என்றே முடித்தது.

இத்தடைகளைக் கடக்க நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. மூடிக்குள் தூளைத் தனியே அடைத்து, திறக்கும்போது மட்டும் அது நீரில் விழும்படி அமைத்த புட்டிகள் உண்டு. கெட்டியான கூழில் கிரியேட்டினைக் கரைய விடாமல் துகளாகவே மிதக்க வைப்பது இன்னொரு வழி. கரையாத துகள் படிகமாகவே இருப்பதால் அது மெல்லவே சிதையும். ஒருமுறைக்கான தூளைச் சிறு உறையில் அடைத்து விற்பதும், நுரைக்கும் மாத்திரையாக்கிக் குடிக்கும் நேரத்தில் கரைக்கச் சொல்வதும் எளியவை. இவை அனைத்தும் ஒரே நெறியைப் பின்பற்றுகின்றன: நீரும் கிரியேட்டினும் சந்திப்பதைக் குடிக்கும் வேளை வரை தள்ளிப்போடுவது. சிட்ரிக் அமிலமும் ஈரமும் சூடும் கூடிய தயாரிப்பு முறையைக் கொண்ட மெல்லும் மிட்டாய் வகைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடலூர் வெயிலில் ஒரு புட்டி

மேலே கண்ட எண்கள் 25 டிகிரியில் பெறப்பட்டவை. கடலூரிலும் சிதம்பரத்திலும் குளிரூட்டாத கடையின் அலமாரி கோடையில் பகல் முழுதும் 25 டிகிரிக்கு இறங்குவதே இல்லை. கத்திரி வெயில் நாள்களில் வெளிவெப்பம் 40 டிகிரியை நெருங்குகிறது. சரக்கு வண்டிக்குள்ளும் தகரக் கூரையிட்ட கிடங்கிலும் அதற்கு மேலும் ஏறும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் வழங்கும் பொது விதி. அதன்படி பார்த்தால், 25 டிகிரியில் 9 நாளில் பாதியாகும் பி.எச். 3.5 பானம், 35 டிகிரியில் நான்கைந்து நாளிலேயே பாதியாகிவிடும். கிடங்கிலும் வண்டியிலும் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டுக் கடைக்கு வரும் அத்தகைய பானத்தில், வாங்குபவர் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுவையூட்டிய கிரியேட்டினின் நீர்.

மருந்துகளுக்கு இந்நிலையை முன்கூட்டியே கருதும் ஏற்பாடு உள்ளது. மிதவெப்ப நாடுகளில் மருந்தின் நிலைப்பை 25 டிகிரியில் நீண்டகாலம் சோதிப்பதற்கு மாறாக, இந்தியா போன்ற நாடுகளுக்கு 30 டிகிரி வெப்பத்திலும் மிகுந்த ஈரப்பதத்திலும் சோதிக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது. 40 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துப் பார்க்கும் விரைவுச் சோதனையும் உண்டு. துணையுணவு சட்டப்படி மருந்தன்று, உணவு. ஆனால் வெப்பத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆகவே திரவக் கிரியேட்டின் தயாரிப்பவர் 30 டிகிரியில் பெற்ற நிலைப்புத் தரவை வைத்தே காலாவதி நாளை நிர்ணயித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

இன்னொரு விளைவும் கருதத் தக்கது. சிதைந்த பானத்தைக் குடிப்பவர் உட்கொள்வது கிரியேட்டினினையே என்பதால், இரத்தப் பரிசோதனைக்குச் சற்று முன் அதைப் பருகியிருந்தால் கிரியேட்டினின் அளவு உயர்ந்து தெரியக் கூடும். தூளாக உட்கொள்பவர்களிடத்திலும் இந்த எண் சிறிது ஏறுவது உண்டு. சிறுநீரகம் பழுதாகாமலேயே அறிக்கை அச்சுறுத்துவதாக அமைந்துவிடலாம். துணையுணவு உட்கொள்வதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது இதனால் தேவையாகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது.

அளந்து காட்டும் வழி

தரத்தை அளப்பதற்கு எட்டாத கருவிகள் தேவையில்லை. உயர்திறன் திரவ நிறப்பகுப்பு என்னும் முறையில், பானத்தின் சில துளிகளை நுண்துகள் நிரப்பிய குழாய் வழியே செலுத்தினால், கிரியேட்டினும் கிரியேட்டினினும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். புறஊதா ஒளியை அவை உறிஞ்சும் அளவைக் கொண்டு இரண்டையும் தனித்தனியே கணக்கிடலாம். இக்கருவி மருந்தாக்கவியல் கற்பிக்கும் கல்வி நிறுவனங்களில் வழக்கமாக இருப்பது.

அதைவிட எளிய பழைய முறையும் ஒன்று உண்டு. காரமேற்றிய பிக்ரிக் அமிலத்துடன் கிரியேட்டினின் சேர்ந்தால் மஞ்சள் கரைசல் செம்மஞ்சளாக மாறும் என்பதை மாக்ஸ் யாஃபே 1886இல் கண்டறிந்தார். ஓட்டோ ஃபோலின் 1904இல் அதை அளவிடும் முறையாக்கினார். கிரியேட்டின் அந்த நிறத்தைத் தருவதில்லை. ஆகவே பானத்தை முதலில் அப்படியே சோதித்து நிறத்தின் அடர்வைக் குறித்துக்கொண்டு, பிறகு மற்றொரு பங்கை அமிலத்துடன் சூடாக்கி அதிலுள்ள கிரியேட்டின் முழுவதையும் கிரியேட்டினினாக மாற்றிவிட்டு மறுபடியும் சோதித்தால், இரு அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பானத்தில் எஞ்சியிருந்த கிரியேட்டினுக்குக் கணக்காகும். பானத்தின் சாயமும் சர்க்கரையும் நிறத்தைக் குழப்பக் கூடும் என்பதால் இது முதற்கட்டச் சோதனையே. காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும் இயல்புடையது என்பதால் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையிலன்றிச் செய்யத் தக்கதும் அன்று.

1929இல் சிதம்பரத்தில் தொடங்கப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் துறையும் உடற்கல்வித் துறையும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. ஒரு துறை அளக்கத் தெரிந்தது. மற்றொன்று பயன்படுத்துவோரை அறிந்தது. மாவட்டத்துக் கடைகளில் கிடைக்கும் திரவக் கிரியேட்டின் வகைகளை வாங்கி, தயாரிப்பு நாளிலிருந்து கழிந்த காலத்தையும் பி.எச். அளவையும் குறித்து, எஞ்சிய கிரியேட்டினை அளந்து வெளியிடுவது, முதுநிலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கக் கூடிய ஆய்வு. அதன் பயனோ மாவட்டம் முழுவதற்கும் உரியது.

சட்டமும் வாங்குபவரும்

இந்தியாவில் துணையுணவுகள் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன் கீழ் வருகின்றன. உடல்நலத் துணையுணவுகளுக்கென 2016இல் தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டு, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. மேலொட்டில் உரிம எண்ணும், பொருள்களின் அளவும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்னும் அறிவிப்பும் இருக்க வேண்டும். தரம் குறைந்த உணவை விற்பவருக்குச் சட்டத்தின் 51ஆம் பிரிவு 5 லட்சம் ரூபாய் வரையிலும், பொய்யான மேலொட்டுக்கு 52ஆம் பிரிவு 3 லட்சம் வரையிலும், தவறான விளம்பரத்துக்கு 53ஆம் பிரிவு 10 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமளிக்கின்றன. அதிகம் அறியப்படாதது 40ஆம் பிரிவு: வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தித் தாம் வாங்கிய உணவை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க அது உரிமை தருகிறது.

வாங்குபவர் புட்டியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை சில. ஒரு வேளைக்கு எத்தனை கிராம், எத்தனை மில்லிலிட்டரில் என்பதைக் கரைதிறனோடு ஒப்பிட்டால், நடக்கக் கூடிய கணக்கா என்பது உடனே தெரியும். பொருள்களின் பட்டியலில் சிட்ரிக் அமிலமோ பழச்சாறோ இருந்தால் பானம் புளிப்பானது என்று கொள்ளலாம். குறிக்கப்பட்டிருப்பது கிரியேட்டினா மோனோஹைட்ரேட்டா என்பதையும் கவனிக்க வேண்டும். படிகத்தோடு சேர்ந்த நீரைக் கழித்தால் 5 கிராம் மோனோஹைட்ரேட்டில் 4.4 கிராம் கிரியேட்டினே உண்டு. தூளை வாங்குபவரும் டப்பாவை இறுக மூடி, ஈரக் கரண்டி படாமல் காத்து, கலக்கியதை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். நடுநிலை நீரில் கலக்கியது சில மணி நேரத்தில் கெட்டுவிடாது என்பதால், வீட்டில் கலக்கி மைதானத்துக்கு எடுத்துச் செல்வதில் தடையில்லை.

திரவக் கிரியேட்டின் என்பதே ஏமாற்று என்பது இங்குக் கூறப்பட்டவற்றின் முடிவன்று. நீரில் கரைந்த கிரியேட்டினுக்குக் காலக்கெடு உண்டு என்பதும், அக்கெடு பாலுக்கும் தயிருக்கும் போல நாள்களில் எண்ணப்பட வேண்டியது என்பதுமே முடிவு. தயாரித்த நாளில் இருந்த அளவை மட்டும் அச்சிட்டு, பதினெட்டு மாதமோ இரண்டாண்டோ கழித்துக் காலாவதி நாளைக் குறிக்கும் மேலொட்டு, வாங்குபவருக்குத் தேவையான செய்தியைத் தருவதில்லை. காலாவதி நாளன்று, 30 டிகிரி வெப்பத்தில் வைக்கப்பட்ட புட்டியில், குறைந்தது எத்தனை கிராம் கிரியேட்டின் எஞ்சியிருக்கும் என்பதைத் தயாரிப்பாளர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று விதிகள் கேட்பதும், அவ்வுறுதி இல்லாத புட்டியை விட்டுவிட்டு விலை குறைந்த தூளை வாங்கக் கடலூர், சிதம்பரத்து இளைஞர்கள் பழகிக்கொள்வதும் ஒருங்கே நிகழ்ந்தால், இத்துறையில் தரம் தானே நிலைபெறும்.